மூணு நாள் வீடியோ போதாது: மனநல ஆராய்ச்சிப் பயிற்சிக்கு நிதி ஒதுக்குற குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழு உறுப்பினர்களுக்கு,

இளம்பெண்கள் மனநலத்துல வேலை பாக்குற ஆராய்ச்சியாளர்களுக்குக் கணித மாடலிங், அதாவது ஒரு விஷயம் காலத்தோட எப்படி மாறுதுன்னு சமன்பாடா எழுதிப் பாக்குற முறைய, சொல்லிக்குடுக்குற ஒரு வருஷப் பயிற்சிய நிறுத்தப் போறோம், அதுக்குப் பதிலா மூணு நாள் ரெக்கார்டட் வீடியோ கோர்ஸ் போடப் போறோம்னு நீங்க அனுப்புன மெயில் எங்க எல்லாருக்கும் வந்துச்சு. மூணு காரணம் சொல்லியிருந்தீங்க. மனநல ஆராய்ச்சி பண்றவங்களுக்குக் கணக்கு வேணும்னா ஒரு ஸ்டாட்டிஸ்டீஷியனக் கூப்பிட்டுக்கலாம். மாடல் எல்லாருக்கும் பொதுதான், இளம்பெண்களுக்குன்னு தனிப் பயிற்சி எதுக்கு. வந்த ஆராய்ச்சிப் பேப்பரோட எண்ணிக்கையப் பாத்தா செலவுக்கேத்த பலன் இல்ல. இந்த மூணையும் என்னால ஏத்துக்க முடியல, ஏன்னு விளக்கமா எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், முழுசாப் படிங்க.

நான் அந்தப் பயிற்சியில படிச்சவ. அதுக்கு முன்னாடி பல வருஷமா என் வேலையே 14ல இருந்து 24 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்ககிட்ட உக்காந்து பேசுறதும், கேள்வித்தாள் குடுத்து வாங்குறதும், தினம் தினம் அவங்க மனநிலைய டைரியா எழுத வச்சு சேக்குறதும்தான். அந்த வயசு ஏன் முக்கியம்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஆனா உங்க மெயிலப் படிச்சா மறந்துட்டீங்களோன்னு தோணுது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்ததுல, மனநலப் பிரச்சன தொடங்குறது ரொம்ப அதிகமா இருக்கிறது 14, 15 வயசு வாக்குல, வாழ்க்கையில எப்பவாவது மனநோய் வரப்போறவங்கள்ல 60 சதவீதத்துக்கும் மேல 25 வயசுக்குள்ளயே தொடங்கிடுதுன்னு வந்திருக்கு. டிப்ரெஷன எடுத்துக்கிட்டா 90க்கும் மேற்பட்ட நாட்டு டேட்டாவ வச்சு 2017ல வந்த தொகுப்பாய்வுல, 12 வயசுலயே ஆம்பளப் பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் நடுவுல இடைவெளி திறந்துடுது, 13ல இருந்து 15க்குள்ள ஆட்ஸ் (வர்றவங்களுக்கும் வராதவங்களுக்கும் உள்ள விகிதம்) கணக்குல அது கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆகுது, அப்புறம் பெரியவங்க வயசுல ரெண்டு மடங்குக்குப் பக்கத்துல வந்து நிக்குது. அதாவது ஏதோ ஒண்ணு அந்த ரெண்டு மூணு வருஷத்துல நடக்குது. அது என்ன, எந்த வரிசையில நடக்குது, எது எதத் தூண்டுது, இதெல்லாம் காலத்தோட சேந்த கேள்விங்க. காலத்தோட மாறுற விஷயத்தப் புரிஞ்சுக்க மனுஷங்க கண்டுபிடிச்ச கருவிதான் நீங்க வேண்டாம்னு சொல்ற அந்தக் கணக்கு.

முதல் காரணத்துக்கு வரேன், ஸ்டாட்டிஸ்டீஷியனக் கூப்பிட்டுக்கலாம்ங்கிறது. கூப்பிட்டோம். பயிற்சிக்கு முன்னாடி நான் இருந்த ஒரு ஆய்வுல பொண்ணுங்க மாசக்கணக்கா தினமும் ராத்திரி எழுதுன மனநிலை, தூக்கம், யார்கூட சண்ட, பீரியட்ஸ் எப்ப வந்துச்சு எல்லாம் எங்க கையில இருந்துச்சு. அது அப்படியே ஒரு நிபுணர்கிட்ட போச்சு, அவரு நல்லவரு, திறமையானவரு, கேட்டதத்தான் செஞ்சாரு. திரும்பி வந்தப்ப ஒரு ஆளுக்கு ஒரு எண், அப்புறம் எல்லாத்துக்கும் சேத்து ஒரு சராசரி, ஒரு பி மதிப்பு (முடிவு தற்செயலா வந்திருக்கலாமான்னு பாக்க உதவுற எண்). எந்தப் பொண்ணோட வாரமும் அதுல இல்ல. ஒருத்தி ஒரு மாசத்துல பாதி நாள் நல்லா இருந்து பாதி நாள் எழுந்திரிக்கவே முடியாம கெடந்தா, இன்னொருத்தி மாசம் முழுக்க ஒரே மாதிரி மந்தமா இருந்தா, ரெண்டு பேருக்கும் ஒரே எண். ரெண்டு பேருக்கும் வேண்டிய உதவி ஒண்ணா? அதுல ஒரு பொண்ணு என்கிட்ட வந்து, நான் எழுதுனதுல இருந்து என்னப் பத்தி என்ன தெரிஞ்சுச்சுன்னு கேட்டா. அந்த ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு அவளுக்குச் சொல்ல ஒரு வரி கூட இல்ல.

இது அந்த ஆய்வோட குறை மட்டும்னு நெனைக்காதீங்க. ஒரு கூட்டத்தோட சராசரிய வச்சு தனி ஆளச் சொல்ல முடியாதுங்கிறத உளவியல் ஆராய்ச்சியாளர் பீட்டர் மோலனார் 2004லயே தெளிவா எழுதிட்டாரு. 2018ல ஆரன் ஃபிஷரும் அவரோட கூட்டாளிகளும் மனநிலை டேட்டாவ எல்லாம் எடுத்து, ஒரு கூட்டத்துக்குள்ள இருக்கிற மாறுபாட்ட விட ஒரே ஆளுக்குள்ள இருக்கிற மாறுபாடு ரெண்டுல இருந்து நாலு மடங்கு வரைக்கும் அதிகம்னு காட்டுனாங்க. அப்படின்னா சராசரி எடுக்கிற அந்த நிமிஷத்துலயே நாம தேடுற விஷயம் கையில இருந்து போயிடுது. டேட்டா எல்லாம் சேத்து முடிச்ச அப்புறம் ஒரு நிபுணர் வந்து அத மீட்டுத் தர முடியாது. எத்தன தடவ கேக்கணும், எந்த நேரத்துல கேக்கணும், எத எதோட சேத்துக் கேக்கணும்ங்கிறத ஆய்வு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாடலா யோசிச்சிருக்கணும், அத யோசிக்க வேண்டிய ஆள் அந்தப் பொண்ணுங்ககூட பேசுற ஆள்தான்.

இங்கதான் உங்க ரெண்டாவது காரணம் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. மாடல் எல்லாருக்கும் பொதுன்னு சொல்றீங்க. ஒரு சின்ன உதாரணத்தப் பாருங்க. டிப்ரெஷனுக்கு உலகம் முழுக்க உபயோகிக்கிற பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள், 9 கேள்வி, 0ல இருந்து 27 வரைக்கும் மதிப்பெண், 10ஓ அதுக்கு மேலயோ வந்தா கவனிக்கணும்னு ஒரு கோடு. அது கேக்குறது கடந்த 2 வாரத்தப் பத்தி. சரி, மாதவிடாய் சுழற்சி சுமாரா நாலு வாரம். கருமுட்டை வந்ததுக்கு அப்புறம் வர்ற நாட்கள்ல மனசு மோசமா இறங்குற ஒரு பொண்ண, பீரியட்ஸ் ஆரம்பிச்சு ரெண்டு வாரம் கழிச்சுக் கேட்டா ஒரு மதிப்பெண், பீரியட்ஸ் வர்றதுக்கு மொத நாள் கேட்டா வேற மதிப்பெண். அதே பொண்ணு, அதே மாசம். ஒரு நாள் நோயாளி, இன்னொரு நாள் நல்லாருக்கா. நீங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஃபாலோ-அப் பண்ணி, முன்னேற்றம்னோ பின்னடைவுன்னோ எழுதுற பேப்பர்ல எத்தன, உண்மையில நாள் மாறிக் கேட்டதோட விளைவுன்னு யாருக்கும் தெரியாது.

ஒரு அலையப் பாக்கணும்னா அதோட ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தடவைக்கு மேல அளக்கணும், இல்லன்னா அலை வேற ஒரு பொய்யான வடிவத்துல தெரியும், இது சிக்னல் படிக்கிற பசங்களுக்கு ஆரம்பப் பாடம், நைக்விஸ்ட்னு சொன்னா அவங்களுக்குத் தெரியும். 28 நாள் சுத்துல ஏறி இறங்குற ஒரு மனச 28 நாளைக்கு ஒரு தடவ அளந்தா நேர்கோடுதான் வரும், அதப் பாத்துட்டு ‘இவளுக்கு மாற்றமே இல்ல’ன்னு எழுதிடுவாங்க. மனநல ஆராய்ச்சி படிக்கிறவங்களுக்கு இந்தப் பாடம் எந்த வருஷத்துலயும் கிடையாது. எனக்கும் இல்ல, உங்க பயிற்சியிலதான் மொதல்ல கேட்டேன்.

அப்படியே 28ன்னு வச்சுக்கிட்டாலும் தப்பாயிடும். 2019ல ஒரு ஆப் மூலமா சேத்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளப் பாத்ததுல சராசரி 29.3 நாள், சரியா 28 நாள் வந்தது 13 சதவீதம்தான். கருமுட்டைக்கு முந்தின பகுதி ஆளுக்கு ஆள் ரொம்ப மாறுது. வயசுக்கு வந்த முதல் சில வருஷத்துல இன்னும் ஒழுங்கில்லாம இருக்கும். அப்ப 14வது நாள்னு ஒரு கோடு போட்டு ரெண்டாப் பிரிக்கிற எந்த அலசலும் நிறையப் பொண்ணுங்கள தப்பான பெட்டியில போடுது. பீரியட்ஸுக்கு முந்தின நாட்கள்ல மனநிலை கடுமையா மோசமாகுற பி.எம்.டி.டி.ன்னு ஒரு நோய் 2013ல டி.எஸ்.எம்-5ங்கிற, மனநோய்களப் பட்டியல் போடுற அமெரிக்க நூல்ல தனியா இடம்பெற்றுச்சு, அதக் கண்டுபிடிக்கிறதுக்கே தினசரி பதிவு, குறைஞ்சது ரெண்டு சுழற்சிக்கு வேணும்னு அந்த நூல்லயே விதி இருக்கு. விதி தினசரி கேக்குது, நம்ம ஆராய்ச்சி ஆறு மாசத்துக்கு ஒருக்கா கேக்குது. இத இணைக்கத் தெரிஞ்ச ஆள் வேணாமா?

மாடலிங்ல பேர் பெற்ற ஒரு ஆய்வப் பத்தியும் சொல்லணும். ஒரு ஆள் டிப்ரெஷன்ல மறுபடி விழுறதுக்கு முன்னாடி அவரோட மனசு சின்னச் சின்ன அடியில இருந்து மீளுறதுக்கு எடுத்துக்கிற நேரம் நீண்டுக்கிட்டே போகும், நேத்தைய மனநிலை இன்னைக்கும் ஒட்டிக்கிட்டே இருக்கும், ஏற்ற இறக்கம் கூடும், அதக் கணக்குல முன்கூட்டியே பிடிக்கலாம்னு ஒரு யோசன. ஏரி கெட்டுப் போறது, பருவநிலை மாறுறது இதுக்கெல்லாம் பயன்படுத்துன அதே கணக்கு. 2014ல மனநலத்துக்குக் கொண்டு வந்தாங்க, 2016ல மரீகே விக்கர்ஸும் பீட்டர் குரோட்டும் ஒரே ஒரு ஆள, மாத்திரைய மெல்ல மெல்லக் குறைச்சுக்கிட்டு இருந்தவர, 239 நாள், ஒரு நாளைக்குப் பல தடவ கேட்டு, அவர் சடார்னு மறுபடி விழுறதுக்கு முன்னாடியே அந்த அறிகுறிங்க ஏறுனதக் காட்டுனாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு அது. அந்த ஆளு 57 வயசு ஆண்.

அதுல எந்தத் தப்பும் இல்ல. ஆனா அதே கணக்க 16 வயசுப் பொண்ணுகிட்ட அப்படியே போட்டா என்ன ஆகும்னு பாருங்க. அவ மனநிலை சுழற்சியோட சேந்து ஏறி இறங்குற வகையா இருந்தா, ஒவ்வொரு மாசமும் பீரியட்ஸுக்கு முன்னாடி அந்த ஒட்டிக்கிட்டு இருக்கிற தன்மையும் ஏற்ற இறக்கமும் கூடித்தான் வரும். கணக்கு மாசாமாசம் அபாயம் அபாயம்னு மணி அடிக்கும். நாலு தடவ பொய் மணி அடிச்சா அஞ்சாவது தடவ யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, அந்த அஞ்சாவது உண்மையா இருக்கலாம். இல்லன்னா மாடல் போடுறவரு மாச அலைய இரைச்சல்னு நெனச்சு வடிகட்டித் தூக்கிடுவாரு. இது நான் கற்பனையா சொல்லல. பயிற்சியில என்கூட ஜோடி போட்ட கணிதக்காரர் முதல் வாரத்துல அதத்தான் பண்ண ரெடியா இருந்தாரு, அந்த அலை என்னன்னு அவருக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லல, நாங்க ஒரே மேஜையில உக்காந்திருந்ததால அன்னைக்கே பேசித் தீத்தோம். அப்புறம் அவரே சுழற்சியத் தனி உறுப்பா மாடல்ல சேத்தாரு, அதுவும் நாள் எண்ணிக்கைய வச்சு இல்லாம ஒவ்வொரு பொண்ணோட பதிவையும் வச்சு. மூணு நாள் வீடியோவுல இந்தப் பேச்சு எந்த நிமிஷத்துல நடக்கும்?

இன்னொரு விஷயம், இத நான் பொண்ணுங்க வாயால அவ்வளவு தடவ கேட்டிருக்கேன். ‘பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் ஏன் இப்படி இருக்க.’ ‘அந்தப் பையன்தான் போயிட்டானே, இன்னும் என்ன.’ வீட்டுல கேக்குறாங்க, டீச்சர் கேக்குறாங்க, சில சமயம் டாக்டரும் கேக்குறாரு. அந்தப் பொண்ணும் தன்னையே கேட்டுக்கிட்டு, காரணமே இல்லாம நான் இப்படி இருக்கேன்னா என்மேலதான் கோளாறுன்னு முடிவு பண்ணிடுது. மாடலிங் படிச்ச அப்புறம் எனக்கு இதுக்கு ஒரு பதில் கெடச்சுச்சு. தூக்கம் கெட்டா ஒரே நெனப்ப மறுபடி மறுபடி அசை போடுறது கூடும், அசை போட்டா மனசு இறங்கும், மனசு இறங்குனா தூக்கம் இன்னும் கெடும். பொண்ணுங்க கிட்ட இந்த அசை போடுறது அதிகமா இருக்குன்னு உளவியல் ஆராய்ச்சியாளர் சூசன் நோலன்-ஹோக்செமா பல வருஷம் ஆராய்ச்சி பண்ணிக் காட்டியிருக்காங்க. இந்த மாதிரி ஒண்ண ஒண்ணு வளக்குற சுத்துக்கு சமன்பாடு எழுதுனா, பல நேரம் ரெண்டு நிலை வருது, நல்லா இருக்கிற ஒண்ணு, கீழ விழுந்து கெடக்குற ஒண்ணு. ஒரு அழுத்தம் தள்ளி விட்டுடுச்சுன்னா, அந்த அழுத்தத்த எடுத்த உடனே மேல வராது, விழுந்தப்ப இருந்த அளவ விட ரொம்பக் குறைவா அழுத்தம் ஆனாத்தான் மீளும், இல்லன்னா தூக்கத்துல ஒரு உதவி, அசை போடுறதுல ஒரு உதவின்னு அந்தச் சுத்த எங்கயாவது அறுக்கணும். பாறைய மேட்டுல இருந்து உருட்டிவிட ஒரு விரல் போதும், திரும்ப ஏத்த ஊரே வேணும்ங்கிற மாதிரி. இத ஒரு கோட்டுப்படமா வரைஞ்சு ஒரு பொண்ணுகிட்ட காட்டுனப்ப அவ ரொம்ப நேரம் பாத்துட்டு, அப்ப நான் நடிக்கலன்னு சொன்னா. அந்தப் படம் பேப்பர்ல வரல, அதனால உங்க கணக்குல அது பலன் இல்ல.

டெனி போர்ஸ்பூம் மாதிரி உளவியல் ஆராய்ச்சியாளருங்க டிப்ரெஷன ஒளிஞ்சிருக்கிற ஒரே நோயா பாக்காம, ஒண்ண ஒண்ணு இழுக்குற அறிகுறிகளோட வலையா பாக்கணும்னு சொல்லி பத்து வருஷத்துக்கு மேல ஆகுது. உடம்புப் பக்கம் பாத்தா, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஒரு நாளைக்குள்ள பல தடவ துடிப்பு துடிப்பா வர்றதுக்கு மூளையில தனியா ஒரு கடிகாரம் இருந்தே ஆகணும்னு இல்ல, பிட்யூட்டரி சுரப்பிக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் நடுவுல இருக்கிற தாமதமும் பின்னூட்டமுமே போதும்னு 2010ல வாக்கர், டெர்ரி, லைட்மேன் சமன்பாட்ட வச்சே காட்டுனாங்க. மாதவிடாய் ஹார்மோன்களுக்கும் தாமதத்தோட கூடிய சமன்பாடுகள் இருபது வருஷத்துக்கு மேலயே இருக்கு. அங்க ஹார்மோன் மாடல், இங்க மனநிலை மாடல், ரெண்டும் ஒரே பொண்ணோட உடம்புலதான் நடக்குது, ரெண்டையும் சேத்து யோசிக்கிற ஆளுங்க கொஞ்ச பேர்தான். அந்தக் கொஞ்ச பேர உருவாக்குற இடத்தத்தான் நீங்க மூடுறீங்க.

தொற்றுநோய்ல யாரும் இப்படி யோசிக்கல. ரொனால்ட் ராஸ் மலேரியாவுக்குக் கணக்கு போட்டு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, தொற்று பரவுறதுக்கு கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927ல எழுதுன சமன்பாட்டோட வாரிசுங்களத்தான் 2020ல கொரோனா சமயத்துல உலகமே நியூஸ்ல பாத்துச்சு. அதுக்கு ஆள் தயார் பண்ண தனித் துறைங்க இருக்கு. மனநலத்துல மட்டும் கணக்கு வெளியாளோட வேலையாவே நிக்குது.

கணக்கு தெரியாம இருந்தா என்ன ஆபத்துன்னு இன்னும் ஒண்ணு சொல்றேன், ஏன்னா இப்ப எல்லாரும் ஏதோ ஒரு ஆப்ப எடுத்துக்கிட்டு வர்றாங்க, ரிஸ்க்ல இருக்கிற பொண்ணுங்கள ஏ.ஐ. கண்டுபிடிச்சிடும், 90 சதவீதம் துல்லியம்னு. 10,000 பொண்ணுங்கள்ல 100 பேருக்கு உண்மையா ஆபத்து இருக்குன்னு வச்சுக்குவோம். 90 சதவீதம்னா 90 பேரப் பிடிக்கும். மீதி 9,900 பேர்ல 10 சதவீதத்த, அதாவது 990 பேர, தப்பாப் பிடிக்கும். மொத்தம் 1,080 பேர் மேல முத்திர விழும், அதுல உண்மையானவங்க பன்னெண்டுல ஒருத்தர். முத்திர விழுந்த மத்தப் பொண்ணுங்களுக்கு வீட்டுல என்ன நடக்கும், ஃபோனப் பிடுங்குவாங்களா, படிப்ப நிறுத்துவாங்களா, இத அந்த ஆப் விக்கிறவரு யோசிக்க மாட்டாரு. விடுபட்ட 10 பேர் யாருன்னும் யாருக்கும் தெரியாது. தற்கொலை ஆபத்தக் கணிக்கிறதப் பத்தி 50 வருஷ ஆய்வுகள், 365 ஆய்வு, 2017ல சேத்துப் பாத்தப்ப, குருட்டுத்தனமா சொல்றத விடக் கொஞ்சம்தான் மேலன்னு வந்துச்சு, 50 வருஷத்துல முன்னேற்றமும் இல்ல. 15ல இருந்து 29 வயசுக்காரங்க சாவுக்கு மூணாவது பெரிய காரணம் தற்கொலைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இந்த நிலையில ஒரு மாடல நம்பலாமா வேணாமான்னு மேஜையில உக்காந்து கேள்வி கேக்கத் தெரிஞ்ச மனநல ஆளுங்க நமக்கு வேணும். அந்தக் கேள்வியக் கேக்க நான் கத்துக்கிட்டது அந்த ஒரு வருஷத்துலதான்.

பதில் வராத நாட்களப் பத்தியும் சொல்லணும், இது எந்தப் பாடப் புத்தகத்துலயும் எனக்குப் போதுமான அழுத்தத்தோட கெடைக்கல. தினமும் ஃபோன்ல கேள்வி அனுப்புறோம், பொண்ணுங்க பதில் போடுறாங்க, சில நாள் போடல. கணக்குப் பக்கத்துல இருந்து வர்றவங்க அந்தக் காலி இடத்த பக்கத்து நாட்கள வச்சு நிரப்பிடுவாங்க. எங்ககிட்ட கேளுங்க, அந்தக் காலி நாள்ல பாதி நாள் அவ படுக்கையில இருந்து எழுந்திரிக்காத நாள், இல்லன்னா வீட்டுல ஃபோனப் பிடுங்கி வச்ச நாள். மோசமான நாள்தான் காணாமப் போகுது. அப்ப காணாமப் போறதே ஒரு தகவல், அதையும் மாடலுக்குள்ள எழுதணும், எழுத முடியும், அதுக்கு முறை இருக்கு. முறை தெரிஞ்சவருக்குக் காரணம் தெரியாது, காரணம் தெரிஞ்சவளுக்கு முறை தெரியாது. இந்த ரெண்டு பேரையும் ஒரு வருஷம் ஒரே இடத்துல வச்சதுதான் அந்தப் பயிற்சி பண்ணுன பெரிய காரியம்.

மூணாவது காரணம், பேப்பர் எண்ணிக்கை. ஒரு மனநல ஆராய்ச்சியாளர் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் (மாற்றத்தோட வேகத்தச் சொல்ற சமன்பாடு) எழுதப் படிக்கவே சில மாசம் ஆகுது. பள்ளியில கணக்க விட்டுட்டு வந்தவங்க எங்கள்ல நிறையப் பேர், பெண்கள் இன்னும் அதிகம், கணக்கு உனக்கு வராதுன்னு சின்ன வயசுலயே சொல்லி அனுப்பப்பட்டவங்க. அவங்க உக்காந்து கத்துக்கிட்டு, தப்புப் பண்ணி, கம்ப்யூட்டர் கோட் ஓடாம ராத்திரி முழுக்க முழிச்சு, அப்புறம் ஒரு நாள் தன்னோட சொந்த டேட்டாவுல ஒரு பொண்ணோட மாசத்த வரைஞ்சு பாக்குறதுக்குள்ள வருஷம் முடிஞ்சிடுது. அதோட அடுத்த வருஷம் தினசரிப் பதிவு சேக்கணும், சுழற்சி நாளோட சேக்கணும். முதல் வருஷத்துலயே பேப்பர எண்ணுனா எதுவும் இருக்காதுதான். மென்பொருளுக்குன்னு செலவும் இல்ல, ஆர், பைத்தான், ஸ்டான் எல்லாமே இலவசம். செலவு ஆளுங்களோட நேரத்துக்குத்தான், அந்த நேரத்தத்தான் நீங்க வெட்டியிருக்கீங்க.

அதனால நான் கேக்குறது இதுதான். ஒரு வருஷப் பயிற்சிய அடுத்த விண்ணப்ப அறிவிப்புக்கு முன்னாடி திரும்பக் கொண்டு வாங்க, வீடியோ கோர்ஸ் வேணும்னா அதுக்கு முந்தின அறிமுகமா வச்சுக்கோங்க, அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. மனநல ஆராய்ச்சியாளர் ஒருத்தர், கணிதக்காரர் ஒருத்தர்னு ஜோடியாத்தான் எடுக்கணும், கணிதக்காரரும் டேட்டா சேக்குற இடத்துல வந்து உக்காந்து பொண்ணுங்க பேசுறதக் கேக்கணும், அது கட்டாயமா இருக்கணும். வேலையில இருந்துக்கிட்டே படிக்கிறவங்களுக்கு அந்த வேலை நேரத்த ஈடு கட்டுற உதவித்தொகை வேணும், இல்லன்னா வசதி உள்ளவங்க மட்டும்தான் வருவாங்க.

மனநலப் பிரச்சனையக் கடந்து வந்த இளம்பெண்கள, கேள்வி தயாரிக்கிற கட்டத்துல இருந்தே, சம்பளம் குடுத்து ஆலோசகரா சேத்துக்கோங்க. காரண வளையங்கள ஒரு காகிதத்துல சேந்து வரையிறதுக்கு அவங்களுக்கு எந்தச் சமன்பாடும் தெரிய வேண்டியதில்ல, ஆனா எது எதத் தூண்டுதுன்னு அவங்க போடுற அம்புக்குறி இல்லாம நாங்க எழுதுற சமன்பாடு தப்பாத்தான் இருக்கும். அவங்க குடுத்த டேட்டாவுல இருந்து அவங்களப் பத்தி என்ன தெரிஞ்சதுன்னு அவங்களுக்கே திருப்பிச் சொல்றது ஒவ்வொரு ஆய்வுக்கும் நிபந்தனையா இருக்கட்டும்.

நீங்க நிதி குடுக்குற இந்த வயசுப் பெண்கள் பத்தின எந்த ஆய்வுலயும், பதில் வாங்குன நாள் சுழற்சியோட எந்த இடம்ங்கிறத, அவங்க சம்மதத்தோட, பதிவு பண்ணச் சொல்லுங்க. அந்தத் தகவல் வெளிய போனா பொண்ணுங்களுக்கு வர்ற ஆபத்தும் இருக்கு, அதப் பாதுகாக்குறது எப்படிங்கிறதும், மாடல் அபாயம்னு சொன்னா அடுத்த ஒரு மணி நேரத்துல யாரு அந்தப் பொண்ண கூப்பிடணும்ங்கிறதும் பாடத்திட்டத்துல முதல் மாசத்துலயே இருக்கணும், கடைசியில ஒரு ஸ்லைடா இல்ல. விண்ணப்பங்கள மதிப்பிடுற குழுவுல மாடலப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தராவது, இந்த வயசுப் பொண்ணுங்ககூட வேலை செஞ்ச ஒருத்தராவது கட்டாயம் வேணும். பலன பேப்பர் எண்ணிக்கைய வச்சு அளக்காம, பயிற்சி முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு அவங்க ஆய்வு வடிவமைப்பு மாறுச்சா, எழுதுன கம்ப்யூட்டர் கோட மத்தவங்க பயன்படுத்துறாங்களான்னு பாருங்க.

பயிற்சிய நிறுத்த முடிவு பண்ணுன கூட்டத்தோட பதிவையும், எந்த மதிப்பீட்ட வச்சு முடிவு எடுத்தீங்கங்கிறதையும் எங்களுக்கு எழுத்துல குடுங்க, அடுத்த அறிவிப்பு தேதிக்கு முன்னாடி, இந்தப் பயிற்சியில படிச்சவங்கள்ல சிலரையும் இளம்பெண்கள்ல சிலரையும் உங்க கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பேச விடுங்க. கூப்பிட்டா நான் வரேன், என்கூட படிச்ச கணிதக்காரரும் வரேன்னு சொல்லியிருக்காரு.

இப்படிக்கு,
அந்தப் பயிற்சியில படிச்ச ஒரு மனநல ஆராய்ச்சியாளர்